மணி ஏன் வரவில்லை

நாய்க்குட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும், அப்புறம் பழக்கிக்கொள்ளலாம் என்பார்கள். நானும் அதை நம்பினேன். மணி தாயிடம் பால் மறந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவன். ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். வல்லக்கோட்டைப் பக்கம் வாடகை வீடு. இப்போதைக்கு விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த மாதங்களில் அவனுக்கு நான் எதுவும் கற்றுத் தரவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் கற்றுத் தந்தேன். எதைக் கற்றுத் தருகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்பு குதறிக் கிடக்கும், கூடத்தில் மூத்திரம். “மணி, வா இங்கே” என்பேன். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவான். காதைப் பிடித்துத் திருகுவேன், முதுகில் ஓர் அடி வைப்பேன். செருப்பைக் கடித்தது எப்போதோ. அடி விழுந்ததோ கூப்பிட்டதும் வந்ததற்கு. சாயங்காலம் தெருவில் ஓடி ஆடிக்கொண்டிருப்பான். கம்பெனி பஸ் வரும் நேரமாகிவிட்டால் மறுபடி “மணி, வா”. வந்தால் சங்கிலி.

இந்தப் பக்கம் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில், கூப்பிட்டு வராத நாய் வரப்பில் சுற்றிவிட்டுப் பசித்தால் வீடு திரும்பும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர்–சிங்கபெருமாள்கோயில் சாலை கன்டெய்னர் லாரிகளுக்கும், கார் ஏற்றிப் போகும் டிரெய்லர்களுக்குமானது. இங்கே கூப்பிட்டதும் வருவதுதான் நாய்க்கு உயிர்.

ஒருநாள் காலையில் கேட் சரியாகச் சாத்தவில்லை. மணி சாலை ஓரம் வரை போய்விட்டான். பின்னாலேயே ஓடி, “மணி, வா!” என்று கத்தினேன்.

அவன் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு காதும் பின்னால் படிந்தன. வால் கால்களுக்கு நடுவே போனது. நான் ஓர் எட்டு வைத்தேன். அவன் ஓர் எட்டு பின்னால் போனான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஓர் எட்டு. என் குரல் அவன் காதில் விழுந்துதான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு நான் எத்தனையோ தடவை அடியால் சொல்லிக்கொடுத்த பொருளை அவன் மறக்கவில்லை. என்னிடமிருந்து விலகித்தான் அவன் தார்ச்சாலையில் இறங்கினான்.

லாரிக்காரர் பிரேக் போட்டார். அதனால் உயிர் பிழைத்தது. பின்னங்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கையிருப்புப் பணம் போனது. மணி இன்றும் அந்தக் காலைத் தாங்கித்தான் நடக்கிறான்.

வீட்டுக்கார அம்மா கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கூப்பிட்டுக் கூப்பிட்டு அடிச்சா எந்தப் பிள்ளை தம்பி வரும்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மனிதரோடு ஒட்டிப் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை என்பது அவர்கள் கண்டது. நான் ‘அப்புறம்’ என்று தள்ளிப்போட்டது அந்த வாரங்களைத்தான். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடக்கூடாது என்பது சரி. ஆனால் பெயர் சொன்னால் திரும்பவும், கூப்பிட்டால் வரவும் பழக்க வீட்டுக் கூடமே போதும்.

‘வா’ என்ற சொல்லை நான் கெடுத்துவிட்டேன். அதனால் மணிக்கு அதை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினோம். கூடத்தில் நீளக் கயிறு கட்டி விசில் அடிப்பேன். அவன் வந்த அந்த நொடியே அவித்த ஈரல் துண்டு ஒன்று. உடனே கொடுத்தால்தான் எதற்குக் கிடைத்தது என்று அவனுக்குப் புரியும். தின்றதும் திரும்ப விளையாட விட்டுவிடுவேன். சங்கிலி போட வேண்டிய நேரத்தில் கூப்பிடாமல் நானே அவனிடம் போவேன். பல வாரங்கள் பாதி வழியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வருகிறான், ஆனாலும் கேட் திறந்திருந்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

இந்தப் பக்கம் குட்டி வளர்ப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது என்ன செய்துவிட்டிருந்தாலும், கூப்பிட்டதும் உங்களிடம் வந்துவிட்டால் தயவுசெய்து அடிக்காதீர்கள்.