கரையும் கண்ணியமும்

சேலைக்குக் கரை, வயலுக்கு வரப்பு, படத்திற்குச் சட்டம். எல்லை வகுக்கப்பட்ட பொருளிலேயே கண் நிலைகொள்கிறது. இந்த எளிய உண்மையை நாம் ஏட்டில் கற்கவில்லை. பலர் கூடிய அவையில் தலைகவிழ்ந்து நின்று கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது தமிழ்த்துறை மாணவ மாணவியர் புதுக்கோட்டை மாவட்டத்தின் தொன்மைகளைப் படம்பிடித்து வந்தனர். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைத் தடாகம், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, மூன்றனுள் இரண்டே எஞ்சி நிற்கும் கொடும்பாளூர் மூவர் கோயில், திருமயம் கோட்டை, திருமயம் செல்லும் சாலையில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர வந்து செல்லும் காட்டுபாவா பள்ளிவாசல் என அவை விரிந்தன. அவற்றைப் பவர்பாயிண்ட் வழியே படவில்லைகளாக்கித் திரையில் காட்டும் பொறுப்பை நாமே ஏற்றோம்.

எல்லாப் படங்களையும் வட்டமாக நறுக்கிப் பொன்னிறக் கரையிட்டால் அழகாயிருக்கும் எனக் கருதினோம். வேறொரு படத்திருத்த மென்பொருளில் ஒவ்வொரு படத்திற்கும் ஒரே கனத்தில் கரை தீட்டிச் சேமித்து, பின்னர் வில்லைகளில் வைத்தோம். தடாகத்தைப் பெரிதாக்கினோம். கடைசி வில்லையில் இடம் போதாமையால் பள்ளிவாசலைச் சிறிதாக்கினோம். பிழை அங்கேதான் புகுந்தது.

காட்சி முடிந்தது, கைதட்டலும் ஓய்ந்தது. திருமயம் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, எல்லாப் படத்துக்கும் பட்டையாகக் கரை போட்டிருக்கிறீர்கள். எங்கள் காட்டுபாவாவுக்கு மட்டும் நூல்போல ஒரு கோடு. இது என்ன கணக்கு?” என்றார். அவர் குரலில் சினமில்லை. அதுவே நம்மை மிகுதியும் வருத்தியது. அப்படத்தை எடுத்தவள் அவருடைய பேத்தி. அவள் ஒன்றும் பேசாமல் தரையையே நோக்கியிருந்தாள்.

நாம் எவரையும் தாழ்த்த எண்ணியதில்லை. ஆயினும் பார்ப்பவர் நம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. திரையில் உள்ளதையே பார்க்கின்றனர். கரையின் கனம் அங்கே மதிப்பின் அளவாகிவிட்டது. அவையிலேயே மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிரவே காரணத்தை ஆராய்ந்தோம். படத்தோடு படமாகத் தீட்டிய கரை, படம் வளர்ந்தால் தானும் வளரும். சுருங்கினால் தானும் சுருங்கும். பத்து செ.மீ. அகலப் படத்தில் 3 புள்ளிக் கனமுள்ள கரை, படத்தை இருபது செ.மீ. ஆக்கினால் 6 புள்ளியாகும், ஐந்து செ.மீ. ஆக்கினால் ஒன்றரைப் புள்ளியாகும். (ஓர் அங்குலம் 72 புள்ளிகள்; 3 புள்ளி ஏறத்தாழ ஒரு மி.மீ.)

ஆகவே முறையை மாற்றினோம். கரையில்லாத மூலப்படத்தையே வில்லையில் வைத்தோம். நீள அகலங்களை முதலில் ஒன்றுக்கு ஒன்று என நறுக்கி, ‘கிராப் டு ஷேப்’ வழியே வட்டமாக்கினோம். அவ்வாறு செய்யாவிடில் வட்டம் முட்டையாகிவிடும். வேண்டிய அளவுக்குப் படத்தைக் கொண்டுவந்த பின்னரே, இறுதியாக, ‘பிக்சர் அவுட்லைன்’ வழியே கரையிட்டோம். இக்கரை நறுக்கிய வடிவத்தைத் தழுவிச் செல்லும். படத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் நாம் குறித்த புள்ளிக்கனம் மாறாது. ஒரு படத்தின் கரையைப் பிற படங்களுக்கு ஏற்ற ‘ஃபார்மட் பெயிண்டர்’ துணைசெய்தது.

மூலம் தொலைந்துபோய், வெளியே வட்டமாக வெட்டிய வடிவிலேயே ஒரு படம் கிடைத்தது. அதற்குக் கரையிட்டபோது, கண்ணுக்குத் தெரியாத சதுரப் பெட்டியைச் சுற்றியே கோடு விழுந்தது. உள்நிறமற்ற வட்டமொன்றை அதே கனத்தில் வரைந்து படத்தின்மேல் பொருத்தி, இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தோம்.

குடுமியான்மலைப் படத்தை மட்டும் வட்டமாக்கவில்லை. வட்டத்தின் மறைப்பு கல்வெட்டின் ஓரத்து எழுத்துகளை விழுங்கியிருந்தமை அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. அதனைச் செவ்வகமாகவே விட்டு, அதே கரையை இட்டோம். வடிவம் பொருளுக்கேற்ப வேறுபடலாம். கரை வேறுபடலாகாது என்பதை அதனின்று கொண்டோம்.

அடுத்த வாரம் அப்பெரியவரை மீண்டும் அழைத்து, திருத்திய காட்சியைப் பேத்தியின் கையாலேயே இயக்கச் செய்தோம். பள்ளிவாசல் திரையில் தோன்றியதும் அவர் எழுந்து அருகில் சென்று, கரையை விரலால் அளப்பதுபோல் காட்டி, “இப்போது சரி, தம்பி” என்றார்.

மாணவச் செல்வங்களே! கருவிகள் ஆண்டுதோறும் மாறும். பொத்தான்களின் பெயர்களும் மாறும். எனினும் பலரை ஓர் அவையில் நிறுத்துங்கால், படமாயினும் மனிதராயினும், அனைவர்க்கும் ஒரே கரை இட்டோமா என ஒருமுறை நோக்குங்கள். அந்நோக்கே கண்ணியத்தின் தொடக்கம்.