சரிபார்க்கும் விண்மீன்

2025 பெப்ரவரி 22, சனி

ஏழு மணிக்கே பனிமூட்டம் கலைந்துவிட்டது. லயத்து முற்றத்தில் ஸ்டேண்டை நிறுத்தி, மாமா கல்யாண வீடுகளில் படம் பிடித்துக் கழித்த கமராவை மிதுன ராசிக்குத் திருப்பினேன். இலக்கு சீட்டா ஜெமினோரம். 10.15 நாளுக்கு ஒருமுறை 3.6க்கும் 4.2க்கும் இடையில் மங்கித் துலங்கும் செஃபீட் வகை விண்மீன். எண் கூடினால் வெளிச்சம் குறைவு.

லென்ஸைச் சற்று மங்கலாக்கித்தான் எடுக்க வேண்டும். கூர்மையாக எடுத்தால் வெளிச்சம் முழுவதும் ஓரிரு புள்ளிகளில் குவிந்து, அளக்க முடியாமல் நிரம்பிவிடும். "நல்லா விழுற படத்த ஏண்ணே கெடுக்கிற?" என்றாள் தங்கச்சி.

பெப்ரவரி 23, ஞாயிறு

பகல் முழுதும் லெப்டொப். சிரில் என்ற இலவச மென்பொருளில், லென்ஸை மூடி எடுத்த இருட்டுப் படங்களைக் கழித்தேன். வெள்ளை பெனியனைக் கட்டி விடியல் வானத்தில் எடுத்த படத்தால் வகுத்தேன். பச்சை நிறத்தை மட்டும் பிரித்துக்கொண்டேன். வானியலாளரின் 'வி' வடிகட்டிக்கு அதுதான் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

அடுத்தது அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற மென்பொருள். விண்மீனைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே வானத்தின் வெளிச்சத்துக்கு ஒரு வளையம். வட்டத்துக்குள் இருப்பதிலிருந்து வானத்தின் பங்கைக் கழித்து, பக்கத்திலுள்ள கப்பா ஜெமினோரத்தோடு (3.57) ஒப்பிடும். மெல்லிய பனி இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்க வைப்பதால், ஒப்பீட்டில் அது அடிபட்டுப் போகிறது. மலையகத்து வானத்துக்கென்றே செய்த முறைபோல!

திரையில் வந்தது 3.7614. நாலு தசமத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. மாறாத இன்னொரு விண்மீனான அயோட்டாவையும் அளந்தேன். 3.79 வர வேண்டும், 3.82 வந்தது. ஆக 3.76 என்பதே 0.03 முன்பின். மிச்ச இலக்கம் வெறும் அலங்காரம்.

பெப்ரவரி 25, செவ்வாய்

4.11. நன்றாக இறங்கிவிட்டது.

இந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ஓடும் 2.5 என்ற எண் நோர்மன் பொக்சனுடையது. ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்சம் என்று 1856இல் வகுத்தவர். பிறகு சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1861இல் ஆசியா, 1866இல் சில்வியா என்று சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். சில்வியா 5.18 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவது பின்னாளில் அதன் வெளிச்ச ஏற்ற இறக்கத்தை அளந்துதான் தெரிந்தது. சிறுகோள் நகர்வதால் வட்டமும் படத்துக்குப் படம் கூடவே நகர வேண்டும். வழியில் ஒரு விண்மீன் உள்ளே நுழைந்தால் அந்தப் படம் கழிவு. பிரையன் வோர்னரின் கனோபஸ் போன்ற மென்பொருள்கள் அதற்கென்றே உள்ளவை. என் லென்ஸுக்குச் சில்வியா எட்டாது.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

கோயில் ட்யூப்லைட்டுகளால் முற்றம் பகலாகிவிட்டது. மேலே தேயிலை மலைக்கு ஏறினேன். தென்மேற்கே சிவனொளிபாதமலை; அதற்கு இடப்புறம், நேர் தெற்கில் ரெட்டிக்யூலம் விண்மீன் கூட்டம். அங்குள்ள ஆர் ரெட்டிகுலி மாறு விண்மீன் என்று 1867இல் கண்டவர் பொக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 278 நாள் சுற்று, ஏறினால் 6.5, இறங்கினால் 14. சென்னையில் அது 14 பாகை உயரத்தைத் தாண்டாது. இங்கே 20 பாகை வரை ஏறும்.

மார்ச் 1, சனி

நேற்று மழை. இன்று எட்டு மணிக்கு மேகம் திறந்தது: 3.74. ஏறுமுகம். அயோட்டா 3.80, நல்ல இரவு.

மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 1996இல் ஜப்பான் தந்த 45 செ.மீ. தொலைநோக்கி இருக்கிறது. அதற்கும் என் கமராவுக்கும் சூத்திரம் ஒன்றே. ஹற்றனிலோ மஸ்கெலியாவிலோ கமரா வைத்திருப்பவர்கள் இதே விண்மீனை எடுங்கள். இங்கே மேகம் மூடும் இரவில் அங்கே திறந்திருக்கலாம். அளவை எழுதும்போது அயோட்டாவுக்கு என்ன வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாத அளவை நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.