பெயருக்குப் பின்னே வரும் சொற்கள்



உங்கள் இல்லத்திற்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் அதை யார் வாசித்துச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் பள்ளியில் பயிலும் மகனோ மகளோதானே? நானும் ஒரு காலத்தில் அப்படிக் கடிதம் வாசிக்கும் பிள்ளையாக இருந்தவன்தான். அன்று நான் செய்த ஒரு பிழையை இப்பக்கங்களில் உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். அது வெறும் இலக்கணப் பிழை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

1972ஆம் ஆண்டு. நான் பத்தாம் வகுப்பு மாணவன். எங்கள் கடலோரச் சிற்றூரின் ஆண்களில் பலர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிழைப்பு நடத்தி வந்தனர். வீட்டிலிருந்த பெண்களுக்கு அரபு எழுத்துத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அக்கரையிலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தால் தெருவே என்னைத்தான் அழைக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிர்வீட்டு மாமியின் கணவர் அவ்வாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் வஃபாத்தானார். அவர் வேலை பார்த்த நிறுவனத்தில் அவருடைய சேமிப்புத் தொகை இருந்தது. அதைக் கேட்டு மாமியின் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். ஏப்ரல் மாதத்தில் பதில் வந்தது. உடன் ஒரு படிவமும் இருந்தது. கடிதத்தின் நடுவே ஒரு வரி: "க்ளெய்ம்ஸ் ரிசீவ்ட் ஆஃப்டர் தர்டியத் ஜூன் வில் பி ரிடர்ன்ட்."

நான் சற்றும் தயங்கவில்லை. "மாமி, உங்கள் கோரிக்கை கிடைத்துவிட்டதாம். ஜூன் 30க்குப் பிறகு பணத்தைத் திருப்பித் தருவார்களாம்" என்றேன். மாமி கண்களைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். படிவத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஜூன் முடிந்தது. ஜூலையும் பாதி கழிந்தது. பணம் வரவில்லை. மாமியின் கைவளையல் இரண்டும் அடகுக்கடைக்குச் சென்றன. அதன் பிறகே நான் அக்கடிதத்தை எங்கள் ஆங்கில ஆசிரியரிடம் எடுத்துச் சென்றேன். அவர் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வாக்கியத்தின் வினைமுற்று எது?"

"ரிசீவ்ட், சார்."

"அப்படியானால் 'வில் பி ரிடர்ன்ட்' என்பது என்ன? இரண்டுக்கும் நடுவே 'அண்ட்' கூட இல்லையே. ஓர் எழுவாய்க்கு இரண்டு முற்றுகள் இப்படி வரலாமா?"

எனக்கு வியர்த்துவிட்டது. 'ஜூன் 30க்குப் பின் கிடைக்கும் கோரிக்கைகள் திருப்பி அனுப்பப்படும்' என்பதே அவ்வரியின் பொருள். கெடுவுக்கு முன் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்ற எச்சரிக்கையை, காத்திருங்கள் என்ற ஆறுதலாக நான் மாற்றிச் சொல்லியிருந்தேன்.

இப்பிழை ஏன் நேர்ந்தது? தமிழில் ஒரு பெயரை விளக்கும் சொற்களெல்லாம் அப்பெயருக்கு முன்னே நிற்கும். "வாசலில் நிற்கும் சிறுவன்" என்கிறோம். நிற்கும் என்பது பெயரெச்சம். தன்னை முடித்துவைக்க ஒரு பெயரை எதிர்நோக்கி நிற்பது. ஆங்கிலத்திலோ பெயர் முதலில் வந்துவிடும். விளக்கம் பின்னால் தொடரும். "த பாய் ஸ்டாண்டிங் அட் த டோர்" என்பார்கள். சிறுவன் வந்துவிட்டான், அவன் எந்தச் சிறுவன் என்பது பிறகே தெரிகிறது.

இப்படிப் பெயரின் பின்னே வருபவை பலவகை. அவற்றுள் அடிக்கடி காண்பவை மூன்று. முதலாவது எச்சம். 'ஸ்டாண்டிங்' போன்றது, பெயர் தானே செய்யும் செயலைக் குறிக்கும். 'ரிசீவ்ட்' போன்றது, பெயருக்குச் செய்யப்பட்ட செயலைக் குறிக்கும். இரண்டாவது, இடத்தையோ காலத்தையோ சுட்டும் தனிச்சொல். "த ரூம் அப்ஸ்டேர்ஸ்" என்றால் மாடியறை. "த டே பிஃபோர்" என்றால் முந்திய நாள். "த ஜர்னி ஹோம்" என்றால் வீடு திரும்பும் பயணம். மூன்றாவது, இன், ஆன், அண்டர் போன்ற முன்னிடைச்சொற்களால் தொடங்கும் தொடர். "த பாக்ஸ் அண்டர் த காட்" என்றால் கட்டிலுக்கடியில் உள்ள பெட்டி.

இவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போது வேடிக்கையைப் பாருங்கள். "த கீ டு த பாக்ஸ் அண்டர் த காட் இன் த ரூம் அப்ஸ்டேர்ஸ்." இதைத் தமிழில் சொல்வதென்றால் வாலிலிருந்து தலைக்கு வரவேண்டும்: மாடியறையில் கட்டிலுக்கடியில் உள்ள பெட்டியின் சாவி. அவர்கள் சாவியில் தொடங்கி மாடியில் முடிக்கிறார்கள். நாம் மாடியில் தொடங்கிச் சாவியில் முடிக்கிறோம்.

இம்முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. நம் வீட்டுச் சிறு குழந்தையும் அறிந்த 'பைத்துல்லாஹ்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பைத் என்னும் இல்லம் முதலில் வருகிறது. யாருடைய இல்லம் என்பது பின்னால் வருகிறது. தமிழில் சொல்லும்போது 'அல்லாஹ்வின் இல்லம்' என்று இயல்பாகவே மாற்றிக்கொள்கிறோம். 'கிதாபுன் ஜதீதுன்' என்பதிலும் நூல் முன்னே, புதியது என்னும் அடை பின்னே. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இதைக் காட்டினால் ஆங்கிலத்தின் போக்கும் எளிதில் விளங்கும்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் ஆங்கிலம் நம்மை ஏமாற்றிவிடும். 'எழுதினார்' என்பதற்கு 'ரோட்' என்றும், 'எழுதப்பட்ட' என்பதற்கு 'ரிட்டன்' என்றும் வெவ்வேறு வடிவங்கள் உள்ளன. அங்கே குழப்பம் இல்லை. 'ரிசீவ்ட்' போன்ற சொற்களுக்கோ முற்றும் எச்சமும் ஒரே வடிவம். சொல்லைப் பார்த்து மட்டும் எது என்று கூற இயலாது. வாக்கியம் முழுவதையும் பார்த்தே கூற முடியும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வழிகளைச் சொல்லிக் கொடுங்கள். முதலில் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை வாசிக்கட்டும். அடுத்து, உண்மையான வினைமுற்று எது என்று தேடட்டும். 'வில் பி', 'மஸ்ட் பி', 'ஆர்' போன்ற சொற்கள் அதை அடையாளம் காட்டும். இறுதியாக, ஐயமுள்ள இடத்தில் 'விச் ஆர்' என்ற சொற்களை நுழைத்துப் பார்க்கட்டும். "க்ளெய்ம்ஸ் விச் ஆர் ரிசீவ்ட்" என்று நான் அன்று சொல்லிப் பார்த்திருந்தால், எச்சம் இது, முற்று அது என்பது அப்போதே விளங்கியிருக்கும்.

இன்று கைப்பேசியே கடிதத்தை மொழிபெயர்த்துத் தருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் கெடுவும் தொகையும் கையொப்பமும் உள்ள கடிதத்தை நம் கண்ணாலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டாமா?

மாமியின் கதைக்கு வருகிறேன். ஆசிரியரின் துணையுடன் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். கெடு கடந்தது என்று அது திரும்பி வந்தது. பிழை என்னுடையது என்று விளக்கி மீண்டும் எழுதினோம். பல மாதங்களுக்குப் பின், 1973இல், பணம் வந்தது. அதற்குள் வளையல்கள் ஏலத்தில் போய்விட்டன.

தலைகுனிந்து நின்ற என்னிடம் மாமி ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. சில நாட்களில் இன்னொரு கடிதம் வந்தது. வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று நினைத்தேன். என்னையே அழைத்து நீட்டினார்.

"நீயே வாசி தம்பி. ஆனா அவசரப்படாம, கடைசி வரைக்கும் வாசிச்சுட்டு அப்புறமாச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து நான் அப்படியே வாசித்து வருகிறேன்.