சொட்டு தானாக விழும்வரை

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது. விழுங்கினால் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். இருந்தும் 2006-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு நம்பிக்கை தந்தது. பெருங்குடல் அழற்சி (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) அடங்கியிருந்தவர்கள் வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமின் ஆறு மாதம் எடுத்துக்கொண்டபோது, நோய் திரும்புவது குறைந்திருந்தது. குர்குமினைப் புண்ணான இடத்துக்கே கொண்டுசேர்க்கும் நானோ துகளைச் செய்யக் கற்கத்தான் என் வழிகாட்டியான மேடத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தேன்.

குர்குமினையும், உடலுக்குள் மெல்லச் சிதையும் பிஎல்ஜிஏ பாலிமரையும் அசிட்டோனில் கரைத்து, சுழலும் நீரில் சிரிஞ்சால் சொட்டவிட வேண்டும். அசிட்டோன் நீரில் பரவியதும் பாலிமர் குர்குமினை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். ஆனால் அசிட்டோன் தண்ணீரைவிட இளகியது. கட்டைவிரல் துளி அழுந்தினாலும் தாரையாகப் பாயும். முதலில் அப்படித்தான் பாய்ந்தது; நீரைச் சுழற்றும் காந்தத்தில் மஞ்சள் பிசின் அப்பிக்கொண்டது. "அழுத்தாதம்மா, சொட்டு தானா விழணும்" என்பார் மேடம். ஒளி பட்டால் குர்குமின் கெடும் என்பதால் பீக்கரை அலுமினியத் தாளால் சுற்றியிருப்போம். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. விரலைத்தான் நம்ப வேண்டும்.

சொட்டு வசப்பட்ட பிறகு, துகள்களைப் பிரித்தெடுக்கும் சென்ட்ரிஃபியூஜ் சோதித்தது. வேகம் கூடினால் துகள்கள் குழாயின் அடியில் மெழுகாக இறுகிவிடும். எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது. அப்படி இறுகிய குழாய்களை மேடம் தூக்கிப்போட விடவில்லை. வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் நேரத்தையும் எழுதச் சொன்னார். அந்தப் பட்டியல்தான் சரியான வேகத்தைக் காட்டிக்கொடுத்தது. உறைநிலையில் உலர்த்தும்போதும் இதே பாடுதான். ட்ரெஹலோஸ் சர்க்கரை சேர்க்காத பொடி தண்ணீரில் மணல் மணலாக நின்றது. சேர்த்தது குழாயை இரண்டு முறை சாய்த்ததுமே கலங்கிப் பரவியது.

ஒருநாள் தாளைப் பிரித்தபோது அடியில் வண்டலே இல்லை. லேசர் ஒளி திரவத்தினூடே நேர்க்கோடாகத் தெரிந்தது. துகளை அளக்கும் கருவி 200 நானோமீட்டருக்குக் கீழே அளவு காட்டியது. எலிகளில் நடந்த ஆய்வுகளில், அழற்சியுற்ற குடலில் சிறிய துகள்களே அதிகம் ஒட்டின. அதனால் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

மேடம் பார்த்துவிட்டு, "மூணு பேட்ச் இதே அளவுல வரட்டும்" என்றார். வந்தன. இப்போது பிஹெச் 7-க்கு மேல் மட்டும் கரையும் யூட்ராஜிட் எஸ் 100 பூச்சைப் பழகுகிறேன். வயிற்றின் அமிலத்தைத் தாண்டும்வரை துகளை அதுதான் காக்க வேண்டும். பூச்சு இன்னும் சீராக விழவில்லை.