குல்மார்க் பனியில் சறுக்கப் போகிறீர்களா?

பனிச்சறுக்கு என்றதும், "அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்று ஒதுக்கிவிடுகிறோம். குடும்பத்தோடு காஷ்மீர் போனாலும் இதே கதைதான். அவரும் பிள்ளைகளும் காலில் பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டு அம்மா மட்டும் ஸ்வெட்டர் பையையும் ஃபிளாஸ்க்கையும் காவல் காத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். 2025 பிப்ரவரிக் கடைசியில் குல்மார்க்கில் ஐந்து நாள் தங்கியபோது அப்படி நின்ற பெண்களை நிறையப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய நானும் சறுக்கினேன் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: ஆறு வாரம் முன்னாலேயே வீட்டில் உடம்பைத் தயார் செய்துகொண்டால், நீங்கள் ஓரமாக நிற்க வேண்டியதில்லை.

எப்போது, எப்படிப் போவது?

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர், அதாவது நம் ஊட்டியை விட 400 மீட்டர் அதிகம். மலையடியில் தங்மார்க் என்ற ஊர் இருக்கிறது. பனி அதிகமாக இருந்தால் அங்கிருந்து மேலே, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். அந்த வண்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் கடுங்குளிரை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள். ஆனால் குளிர் இருந்தால் பனியும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் புல்வெளியாகவே கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்களையே மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற அறையாகப் பதிவு செய்யுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடுமைக்குப் பிறகு, புறப்படும் முன் அங்குள்ள நிலவரத்தை விசாரிப்பதும் அவசியமாகிவிட்டது.

அடுப்படியிலேயே பயிற்சி

சறுக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்று முன்னே சாய்த்தபடியே வெகுநேரம் இருக்க வேண்டும். கைக்கு வேலை கொஞ்சம்தான். தொடையும் முழங்காலும்தான் முழு பாரத்தையும் தாங்குகின்றன. பெண்களுக்கு முழங்கால் உள்நாரில் காயம் ஏற்படுவது ஆண்களை விட அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தொடைச் சதை வலுவாக இருந்தால் முழங்காலுக்கு அது ஒரு காவல்.

இதற்காக எந்த ஜிம்முக்கும் போக வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி காலை மடக்கி நில்லுங்கள். முதல் வாரம் 20 விநாடி, போகப் போக ஒரு நிமிஷம். பால் பொங்குகிற வரை ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். பாட்டி காலத்தில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டார்களே, அதுவும் அருமையான பயிற்சிதான். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள், இறங்கும்போது மெதுவாக. தினமும் அரை மணி வேக நடை. இவ்வளவு போதும்.

ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை, பழைய முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். கர்ப்பிணிகள் இந்த ஆசையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப்போடலாம். போய்ச் சேர்ந்த முதல் நாள் ஓய்வு எடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

பலகை, பூட்ஸ், ஊன்றுகோல், ஹெல்மெட் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. நாங்கள் எடுத்த செட்டுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆயிற்று. சொல்லிக் கொடுப்பவருக்கு அதைப்போல இரண்டு பங்கு. அந்தத் தொகை ஒரு நாளைக்கா, மணிக்கா, ஒருவருக்கா, குடும்பத்துக்கா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் சேர்த்தியா என்று கேளுங்கள். இல்லை என்றால் தனியாக எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் கற்பவர்களுக்குக் கீழே உள்ள சரிவுகளே போதும். கோண்டோலாவில் ஏறி மேலே பார்க்க வேண்டுமென்றால் அதற்குச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை உடம்போடு ஒட்டியவை: இரண்டு ஜோடி தெர்மல் உள்ளாடை, கம்பளிக் காலுறை, நீர் புகாத கையுறை, கறுப்புக் கண்ணாடி. மேல் கோட்டும் பேண்ட்டும் வாடகைக்குக் கிடைக்கும். பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரை இழுத்து வரும்.

பூட்ஸ் போடும்போது ஒரே ஒரு மெல்லிய காலுறைதான். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் மரத்துப்போகும். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மெட்டியையும் கொலுசையும் கழற்றி வைத்துவிடுங்கள். மெட்டியோடு பூட்ஸ் மாட்டினால் கால் மணியில் விரல் வீங்கிவிடும். கண்ணாடி வளையலும் வேண்டாம்.

வயசையும் எடையையும் மறைக்காதீர்கள்

வாடகைக் கடையில் எடை, உயரம், வயசு எல்லாம் கேட்பார்கள். நாலு பேருக்கு முன்னால் எடையைச் சொல்ல நமக்குக் கூச்சம்! ஆனால் பூட்ஸைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் விசையை இந்தக் கணக்கை வைத்துத்தான் திருகுகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் பலகை நடுவழியில் கழன்று ஓடும். ஐம்பது வயசானவர்களுக்கு விசையைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும். வயசைக் குறைத்துச் சொன்னால் அது இறுகியே இருக்கும். விழும்போது பலகை கழலாவிட்டால் திருகிக்கொள்வது நம் முழங்கால்தான். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பனியில் முதல் நாள்

முதல் பாடம், பத்திரமாக விழுவது. பக்கவாட்டில் உட்காருவது போல விழ வேண்டும். கையை ஊன்றக் கூடாது. அடுத்து, பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி நிறுத்தப் பழக வேண்டும். "பயப்படாதீங்க தீதி, முழங்காலை மடக்குங்க" என்று இந்தியில் நூறு தடவை சொன்னார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இளைஞர். மூன்றாம் நாள்தான் விழாமல் நின்றேன். சிறு குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். கையுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

முறையாகக் கற்க நினைக்கிற பெரிய பிள்ளைகளுக்கு, 1968-ல் தொடங்கிய மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. விண்ணப்பத்தை முன்னதாகவே போட வேண்டும்.

அஃபர்வாட் சிகரச் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கு உரியவை. 2024 பிப்ரவரியில் குல்மார்க் மலையில் பனிச்சரிவில் சிக்கி, ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் உயிரிழந்தார். கயிறு கட்டி எல்லை போட்ட இடத்தைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

கைப்பைக்குள்

பனியில் வெயில் திரும்பி அடிப்பதால் முகம் கறுத்து உதடு வெடிக்கும். சன்ஸ்கிரீனும் வாசலினும் வேண்டும். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பருப்புப் பொடி, சுக்குக் காப்பிப் பொடி துணைக்கு இருக்கட்டும். உங்கள் இன்ஷூரன்ஸ் பனிச்சறுக்குக் காயத்துக்கும் பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல திட்டங்களில் அது விலக்கப்பட்டிருக்கும்.

பைகளை விடுதி அறையில் பூட்டிவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் இறங்குங்கள். பயிற்சியை நாளைக் காலைப் பால் காய்ச்சும்போதே ஆரம்பிக்கலாமே!