டம்மியின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் திருத்தணி வீட்டுக் கூடத்தில் பிரிட்ஜ் நடக்கும். அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஆட்டத்தை அங்கேதான் கற்றுக்கொண்டு வந்தார். நாலாவது ஆள் வராத நாட்களில் அம்மாவைக் கூப்பிடுவார்கள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்காருவாள். எதிரே இருப்பவர்தான் கூட்டாளி.

ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம். 'நாலு இஸ்பேட்' என்றால், இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து 13 பிடியில் பத்தை எடுப்பேன் என்று வாக்குக் கொடுப்பது. முதல் ஆறு பிடி ஏலக் கணக்கில் வராது. ஏலம் எடுத்த ஜோடியில் ஒருவர் ஆடுவார், அவர் டிக்ளேரர். மற்றவர் டம்மி. எதிரணி முதல் சீட்டை இறக்கியதும் டம்மி தன் சீட்டு அத்தனையையும் எல்லோரும் பார்க்க விரித்துவிட வேண்டும். எதை எப்போது போடுவது என்று டிக்ளேரர் சொல்வார். அம்மா சீட்டை விரித்துவிட்டுக் காபி போடப் போவாள்.

ஒருநாள் அப்பா ஆட்டினுக்குத் துருப்பு வெட்டினார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "ஆட்டின் லேதாண்டி?" என்றாள். அவள் நகரிக்காரி, பதற்றத்தில் தெலுங்குதான் வரும். அப்பா கையைப் புரட்டினார். டைமனுக்குப் பின்னால் ஓர் ஆட்டின் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "டம்மி வாயத் திறக்கக் கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பதினொரு வயது.

பல வருஷம் கழித்து ஒரு தோழி ஆட்டத்தின் விதிநூலைக் கொடுத்தாள். 1925இல் பனாமா கால்வாய் வழியே போன கப்பலில் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர் உருவாக்கிய புள்ளிமுறைதான் இன்றைய ஆட்டத்துக்கு அடிப்படை. நான் தேடியது டம்மியைப் பற்றிய விதியை. ஆட்டத்தில் டம்மி தலையிடக் கூடாது, உண்மைதான். ஆனால் டிக்ளேரர் கேட்ட இனத்தைப் போடாவிட்டால், "அந்த இனம் இல்லையா?" என்று கேட்கும் உரிமை டம்மிக்கு உண்டு. அடுத்த பிடிக்குப் போகும் முன் தவறைத் திருத்திக்கொண்டால் டிக்ளேரருக்குத் தண்டனையும் இல்லை. அம்மா விதிப்படிதான் பேசியிருக்கிறாள்.

இன்னொரு விதி என்னை அதிக நேரம் உட்காரவைத்தது. ஏலம் எந்த இனத்தில் முடிகிறதோ, அந்த இனத்தை அந்த ஜோடியில் முதலில் சொன்னவர்தான் டிக்ளேரர். கடைசியில் உரக்கச் சொன்னவர் அல்ல. எங்கள் கூடத்தில் அம்மா முதலில் 'இஸ்பேட்' என்று சொன்ன நாட்களிலும் அப்பாவே ஆடினார். யாரும் கேட்கவில்லை.

விதிநூலை மூடியபோது வேறொரு ஏலம் நினைவுக்கு வந்தது. "தமிழே படிக்கட்டும், மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருக்கட்டும்" என்று முதலில் சொன்னது அம்மா. ஒரு வாரம் கழித்து அதையே அப்பா உறவினர் நடுவே அறிவித்தார். கட்டணத்துக்குப் போனது அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி. "எம் பொண்ண நான் படிக்க வெச்சேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் நானும் அப்படியே எழுதினேன்: அப்பாவுக்கு ஒரு பத்தி, அம்மாவுக்கு 'அன்புடன் உணவளித்த' என்று அரை வரி. தமிழில் பெண்குரலைப் பற்றிய ஆய்வேடு அது.

இந்த வருஷம் அது நூலாகிறது. நன்றியுரையை மாற்றி எழுதினேன். முதலில் சொன்னவள் அம்மா, விற்றது அவள் சங்கிலி என்று எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, "நாயனா பேரு லேதா?" என்றாள்.

சேர்த்தேன். அம்மாவுக்கு அடுத்த வரியில்.