திருப்பூரில் ஒரு ரோஜாத் தொட்டி

பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரில், பனியன் கம்பெனிகளைக் கடந்து குடியிருப்புத் தெருக்களுக்குள் நடந்து பாருங்கள். மொட்டை மாடிகளில் ரோஜாத் தொட்டிகளும் கண்ணில் படும். ஆயினும் இவ்வூரில் ரோஜா வளர்ப்பது எளிதன்று. காரணம், தண்ணீர்.

சாயப்பட்டறைக் கழிவு பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்த பின்னரே அவை இயங்கலாம் என்றாயிற்று. எனினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு விரைவில் நீங்குவதில்லை. ரோஜாவோ உப்பைத் தாங்காத செடி. இலையோரம் கருகி வாடும்.

ஆகவே வாசகர்களே, புதுச்செடி வாங்குமுன் பூவின் நிறத்தைப் பாராதீர்கள். வீட்டுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். உவர்ப்பெனில் தரையில் நடாமல் தொட்டியில் நட்டு, சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். மழை நாளில் தொட்டியை வெளியில் வையுங்கள்; மண்ணில் தங்கிய உப்பு கழுவப்படும்.

உதகை ரோஜாப் பூங்காவில் கண்டு மயங்கிய வகைகளெல்லாம் சமவெளி வெயிலுக்கு இசையா. பன்னீர் ரோஜா, எட்வர்ட், ஆந்திரச் சிவப்பு ஆகியவை இசையும். கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு வெப்பம் தாங்கும் புதுவகைகளை உருவாக்கியுள்ளனர். ஒட்டுச்செடியாயின், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே நீக்குங்கள். அக்டோபரில் கவாத்துச் செய்யுங்கள்.

பூச்செடிக்கே ஆகாத நீரைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாமா? மாடியில் விழும் மழையை இன்றே சேமிக்கத் தொடங்குங்கள்.